திறக்காமலே வேலை செய்த ஏ வரிசை: கார்ப்போவின் 24-ஆம் நகர்வு

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் அனதோலி கார்ப்போவ், மேற்கு ஜெர்மனியின் வோல்ஃப்காங் உன்ட்சிக்கரை வென்ற ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதில் வெள்ளை 24-ஆம் நகர்வில், இ3-இல் இருந்த பிஷப்பை ஏ7-க்குக் கொண்டுபோகிறது (ஏ முதல் எச் வரை நெடுவரிசைகள், 1 முதல் 8 வரை குறுக்குப் படிகள்; இரண்டும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்). பலகையில் சிப்பாய் இல்லாமல் திறந்து கிடக்கும் ஒரே வரிசை ஏ வரிசை. அதில் வெள்ளைக்கு யானை இருக்கிறது. அந்த யானைக்கு முன்னால் தன் பிஷப்பையே குறுக்கே நிறுத்துகிறார் கார்ப்போவ். புத்தகங்கள் இதற்கு, மிகச் சிறந்த நகர்வு என்ற பொருளில், இரண்டு ஆச்சரியக்குறி போடுகின்றன. நீங்களோ ஆட்டத்தைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள். அந்த பிஷப் அங்கிருந்து ஒருமுறைகூட நகரவில்லை. ஏ வரிசையில் எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை. வெற்றி பலகையின் மறுகோடியில், ராஜா பக்கத்தில் வந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு மேல் என்று உங்கள் கணினி தரும் மதிப்பெண்ணும் அந்த நகர்வுக்குத் துள்ளவில்லை. ஆக, இது தகுதியால் வந்த புகழா, ஆடியவரின் பெயரால் ஒட்டிக்கொண்ட புகழா என்பது உங்கள் கேள்வி. இப்படிப்பட்ட நகர்வை நம்மைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள்.

நான் கிராண்ட்மாஸ்டர் இல்லை. பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓய்வுபெற்ற சில நண்பர்களுக்கும் செஸ் சொல்லித் தருகிறேன். இந்த ஆட்டத்தை வகுப்பில் அடிக்கடி எடுத்து வைக்கிறேன். உங்கள் சந்தேகம் எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவருக்கு வந்துவிடும், பெரும்பாலும் கூர்மையான பிள்ளைக்கு. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நகர்வு அந்தப் புகழுக்குத் தகுதியானதுதான். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் சரி. பிஷப்புக்குப் பின்னால் யானைகளை அடுக்கி, பிறகு பிஷப்பை விலக்கி ஏ வரிசையில் பாய்வதற்காக அதை வைத்தார் என்று சொன்னால், பாயவே இல்லையே என்ற உங்கள் மறுப்புக்குப் பதில் இல்லை.

முதலில் ஆட்கள். கார்ப்போவுக்கு அப்போது 23 வயது. சில வாரங்களுக்கு முன்புதான், உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் அரையிறுதியில், முன்னாள் உலக சாம்பியன் ஸ்பாஸ்கியை லெனின்கிராடில் தோற்கடித்திருந்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் இறுதியில் கோர்ச்னாயையும் வென்று, 1975-இல் அப்போதைய சாம்பியன் ஃபிஷர் ஆட வராததால் ஆடாமலே உலக சாம்பியன் ஆனார். நீஸில் சோவியத் அணிக்கு முதல் பலகை அவர்தான். எதிரே இருந்த உன்ட்சிக்கருக்கு ஏறக்குறைய இருமடங்கு வயது; தொழிலால் நீதிபதி; பலமுறை ஜெர்மன் சாம்பியன். அதைவிட முக்கியம், ரூய் லோபஸ் தொடக்கத்தில் அவர் தேர்ந்தவர். ஆட்டமும் அதில்தான் நடந்தது, அதன் சிகோரின் என்ற கிளைவகையில். ஆகவே தொடக்கம் தெரியாத ஒருவரைச் சிக்கவைத்த கதையாக இதை எடுத்துக்கொள்ள முடியாது.

13-ஆம் நகர்வில் வெள்ளை டி5 என்று சிப்பாயைத் தள்ளி நடுப்பகுதியை மூடிவிட்டது. 15-இல் ஏ சிப்பாய்கள் இரண்டும் அடுத்தடுத்து பி5-இல் வெட்டியதால் ஏ வரிசை திறந்தது. 23 நகர்வு முடிந்த நிலையைப் பலகையில் அடுக்கிக்கொள்ளுங்கள்; பலகை இல்லாமல் இதற்குமேல் படிப்பது வீண். வெள்ளை: ராஜா ஜி1, ராணி டி2, யானைகள் ஏ2, இ1, பிஷப்புகள் பி1, இ3, குதிரைகள் எஃப்3, ஜி3, சிப்பாய்கள் பி4, சி3, டி5, இ4, எஃப்2, ஜி2, எச்3. கருப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் ஏ8, சி8, பிஷப்புகள் டி7, எஃப்8, குதிரைகள் பி7, எஃப்6, சிப்பாய்கள் பி5, சி4, டி6, இ5, எஃப்7, ஜி6, எச்7. காய் எண்ணிக்கை சமம். பெரிய காய் ஒன்றுகூட இன்னும் வெட்டப்படவில்லை.

இந்த நிலையில் வெள்ளைக்கு இடம் அதிகம், கருப்புக்குக் குறைவு. டி5 சிப்பாய் கருப்புக் குதிரைகளுக்கு சி6-ஐயும் இ6-ஐயும் மறுக்கிறது; பி4 சிப்பாய் சி5-ஐயும் ஏ5-ஐயும் மறுக்கிறது. பி7-இல் நிற்கும் குதிரையைப் பாருங்கள், டி8-ஐத் தவிர அதற்குப் போக்கிடமே கிடையாது. நெருக்கடியில் இருப்பவருக்கு ஒரே ஆறுதல் காய்களை மாற்றிக்கொள்வது, அதாவது ஒன்றுக்கு ஒன்று வெட்டிக் குறைப்பது. ஒவ்வொரு மாற்றமும் கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும். 23-ஆம் நகர்வில் உன்ட்சிக்கர் ராணியை டி8-க்கு இழுத்ததும் இதற்குத்தான். ஏ2-இல் யானையை வெட்டுவார். வெள்ளை திரும்ப வெட்டியதும் சி8 யானையை ஏ8-க்குக் கொண்டுவந்து அடுத்ததையும் மாற்றிக்கொள்வார். யானைகள் எல்லாம் போய்விட்டால் வெள்ளையின் ஏ வரிசை ஆதிக்கம் கரைந்துவிடும்.

வெள்ளையோ யானைகளை அடுக்க முடியாத நிலையில் இருக்கிறது. பி1-இல் பிஷப் நிற்பதால் இ1 யானை ஏ1-க்கு வர வழியில்லை. பிஷப்பை சி2-க்கு நகர்த்தி வழிவிடலாம் என்றால், அதற்குள் கருப்பு ஏ2-இல் வெட்டிவிடும். சி2-இல் பிஷப் நிற்பதால் அந்த யானைக்கு ராணியின் காவலும் மறைந்துவிடும். இந்த ஒரு நகர்வு நேரச் சிக்கலைத்தான் ஏ7 தீர்க்கிறது. பிஷப் குறுக்கே வந்து நின்றதும் ஏ8 யானையால் ஏ2-ஐத் தொட முடியாது. அதன் பிறகு கார்ப்போவ் அவசரமே படவில்லை: 25-இல் பிஷப் சி2, 26-இல் யானை ஏ1. வரிசைமுறை மாறியிருந்தால் இது நடந்திருக்காது. முதலில் அடைத்தார், பிறகு அடுக்கினார்.

அடைப்பு என்றேன். ஆனால் இது தாழ்ப்பாள் வெள்ளையின் பக்கம் மட்டும் இருக்கும் கதவு. பிஷப்பை பி6-க்கு நகர்த்தினால் வரிசை திறக்கும். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது வெள்ளை. கருப்பால் அந்த பிஷப்பை விரட்ட முடியாது. குதிரை சி6-க்கு வந்தால் ஏ7-ஐத் தாக்கலாம், அதை டி5 சிப்பாய் தடுக்கிறது. யானையால் பிஷப்பை வெட்டினால் வெள்ளை யானையால் திரும்ப வெட்டும். பிஷப்புக்கு யானையை இழந்ததோடு, ஏ7-க்கு வந்த யானை பி7 குதிரையையும் தாக்கும். இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வரும் செய்தி. ஏ8-இல் நிற்கும் கருப்பு யானைக்கு எத்தனை நகர்வு மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். பி8-ஐ ஏ7 பிஷப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே போனால் வெட்டுப்படும். ஏ7-இல் வெட்டினால் இழப்பு. வேறு கட்டம் இல்லை. அந்த யானை உயிரோடு இருக்கிறது, ஆனால் நகர முடியாது. சி8 யானையும் பி8-க்குப் போக முடியாது. அடுத்த இரு நகர்வுகளில் கருப்பின் குதிரையே சி7-க்கு வந்து அதன் முன்வழியையும் மறைத்துவிடுகிறது. ஆட்டப் பதிவைச் சரிபாருங்கள்: 18-ஆம் நகர்வில் ஏ8-க்கும் 19-ஆம் நகர்வில் சி8-க்கும் வந்த கருப்பு யானைகள் இரண்டும் 44-ஆம் நகர்வில் ஆட்டம் முடியும்வரை அசையவே இல்லை.

இது கருத்து அல்ல, கட்டங்களை எண்ணினால் யாருக்கும் கிடைக்கும் உண்மை. ஏ7-இன் பலன் ஏ வரிசையில் தெரியாமல் போனதற்குக் காரணமும் இதுவே. அந்த பிஷப் ஒன்றுக்கு இரண்டு யானைகளைக் கட்டிப்போட்டுவிட்டு, வெள்ளைக்கு ஏறத்தாழ 20 நகர்வு இடைவெளியை வாங்கிக் கொடுத்தது. கார்ப்போவ் அந்த இடைவெளியைச் செலவழித்தது ராஜா பக்கத்தில். ‘நிறைவேற்றுவதைவிட அச்சுறுத்தலே வலியது’ என்ற வாசகத்தைச் செஸ்காரர்கள் இங்கே எடுத்து நீட்டுவார்கள். எனக்கு அது இந்த இடத்தில் முழுத் திருப்தி தருவதில்லை, ஏனென்றால் அச்சுறுத்தல் மட்டும் எதிராளியின் யானையை அசையாமல் வைக்காது. பி8 கட்டத்தின் மீதுள்ள பிடி வைக்கிறது.

இந்த நகர்வின் விதை இரண்டு நகர்வுக்கு முன்பே விழுந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். 22-ஆம் நகர்வில் கருப்பு தன் சி5 சிப்பாயை சி4-க்குத் தள்ளியது. அதுவரை இ3-இலிருந்து ஏ7 வரையிலான மூலைவழியை சி5 சிப்பாய்தான் மறித்துக்கொண்டிருந்தது. அது முன்னேறியதும் டி4, சி5, பி6, ஏ7 எல்லாம் வெற்று வழி. சிப்பாய் தள்ளியது தவறா? இங்கே நான் கொஞ்சம் பின்வாங்குகிறேன். வழியைத் திறந்துவிட்டது என்பது உறுதி. ராணி பக்கத்தில் வேறு எந்த வரிசையும் திறக்க முடியாதபடி மூடி, ஏ வரிசையை ஒரே வாசலாக்கிவிட்டது என்பதும் உறுதி. ஆனால் தள்ளாமல் விட்டிருந்தால் வெள்ளை சி5-இல் வெட்டும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு விதமாக நெருக்கியிருக்கும். இரண்டில் எது குறைந்த தீமை என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. தள்ளியது வெள்ளையின் வேலையை எளிதாக்கியது என்று மட்டும் நினைக்கிறேன்.

கணினி எண் விஷயத்துக்கு வருகிறேன், இதில் பலர் குழம்புகிறார்கள். நல்ல நகர்வை ஆடினால் எண் உயர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அப்படி உயராது. கணினி ஒரு நிலைக்கு எண் கொடுக்கும்போதே, அடுத்து ஆடப்படும் சிறந்த நகர்வைக் கணக்கில் எடுத்துத்தான் கொடுக்கிறது. மிகச் சிறந்த நகர்வை ஆடினாலும் எண் இருந்த இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். எண் குதிப்பது இரண்டு சமயங்களில்: எதிராளி பிழை செய்தால், அல்லது கணினி முதலில் பார்க்கத் தவறியதை உங்கள் நகர்வு அதற்குக் காட்டினால். ஆகவே மதிப்பெண் துள்ளவில்லை என்பதை வைத்து ஒரு நகர்வு சாதாரணம் என்று முடிவுகட்ட முடியாது. இன்னொன்று: மூடிய நிலைகளில் சமமான எண் உள்ள நான்கைந்து நகர்வுகள் இருக்கும். அவற்றில் எது எதிராளியின் கைகளைக் கட்டுகிறது, எது அவருக்குத் தேர்வுகளை விட்டுவைக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. மனிதரோடு ஆடும் மனிதருக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது. 2020-இல் நரம்பு வலைப்பின்னலைச் சேர்த்துக்கொண்ட பிறகு ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல் இத்தகைய நிலைகளை முன்பைவிட நன்றாகவே மதிப்பிடுகிறது. ஆனாலும் அது தருவது எண், காரணம் அல்ல.

ஏ7-க்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி. கார்ப்போவின் வெள்ளைக் கட்ட பிஷப்பின் பயணத்தை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள்: பி5, ஏ4, பி3, சி2, டி3, பி1, சி2, பி1, சி2, டி1, எச்5, எஃப்7. வெள்ளை ஆடிய 44 நகர்வுகளில் 12 நகர்வு இந்த ஒரு பிஷப்புக்கே போயிருக்கிறது. தொடக்கத்தில் பிஷப்பை இப்படி அலையவிட்டால் நான் மாணவர்களைக் கண்டிப்பேன். இங்கே அலைய முடிந்தது, ஏனென்றால் கருப்பால் அந்த நேரத்தைப் பயன்படுத்த முடியவில்லை. பி1-க்கும் சி2-க்கும் இடையே அது போய் வந்ததும் வெறும் பொழுதுபோக்கு இல்லை. கருப்புக்கு மிச்சமிருந்த ஒரே எதிர்ப்பு எஃப்5 என்று சிப்பாயைத் தள்ளுவது. பி1-இலோ சி2-இலோ நிற்கும் பிஷப் இ4 சிப்பாய்க்குப் பின்னால் பதுங்கி அந்த எஃப்5 கட்டத்தையே குறிபார்க்கிறது. கருப்பு அந்தச் சிப்பாயைத் தள்ளவே இல்லை.

அதற்குள் வெள்ளை குதிரைகளை இ2-க்கும் எச்2-க்கும் ஒதுக்கி, 30-இல் எஃப்4 என்று தானே தள்ளியது. இது இரண்டாவது முனை. கருப்பு எஃப்6 என்று தாங்கிப் பிடித்தது; வெள்ளை எஃப்5 என்று முன்னேறியது; கருப்பு ஜி5 என்று மூடியது. பிறகு எச்6-உம் வந்ததும் நிறங்களைப் பாருங்கள். கருப்பின் டி6, இ5, எஃப்6, ஜி5, எச்6 ஐந்தும் கருப்புக் கட்டங்களில் நிற்கின்றன. ஜி7-க்கு வந்த கருப்பின் பிஷப்பும் அதே நிறத்தில். தன் சிப்பாய்களே அதற்குச் சுவர். வெள்ளைக் கட்டங்களைக் காக்க மிச்சமிருப்பது எஃப்7-இல் நிற்கும் மற்றொரு பிஷப் மட்டும். வெள்ளையின் டி5, இ4, எஃப்5 சிப்பாய்கள் வெள்ளைக் கட்டங்களில் இருப்பதால் வெள்ளைக் கட்ட பிஷப் கார்ப்போவுக்கும் அத்தனை பயனில்லாத காய்தான். அந்தப் பயனில்லாத காயை டி1 வழியாக எச்5-க்குச் சுற்றிக் கொண்டுவந்து, எதிராளியின் பயனுள்ள ஒரே காவலனுக்கு மாற்றிக்கொண்டார். பாடப்புத்தகத்தில் படித்த விதிதான். ஆனால் ஏ7 இல்லாமல் அதற்கு இத்தனை நகர்வுகள் கிடைத்திருக்குமா என்று கேட்டுப்பாருங்கள்.

அந்த மாற்றத்துக்கு முன்பு, 36-ஆம் நகர்வில் ராணி டி1-க்கு வருகிறது. புகழ் பெறாத நகர்வு. எனக்கு ஏ7-க்கு அடுத்தபடியாகப் பிடித்தது இதுதான். டி1-இலிருந்து ராணிக்கு இரண்டு வழிகள். ஒன்று எச்5-க்கு, ராஜாவை நோக்கி. மற்றது ஏ1-க்கு, யானைகளுக்குப் பின்னால். அடுத்த இரண்டு நகர்வுகளில் யானைகள் ஏ3, ஏ2 என்று ஏறி ஏ1-ஐக் காலியாக்குகின்றன. இனி ராணி ஏ1-க்கு வந்தால் மூன்று கனரகக் காய்கள் ஒரே வரிசையில் நிற்கும். 1930-இல் சான் ரெமோவில் அலெகைன் நிம்சோவிச்சுக்கு எதிராக சி வரிசையில் யானைகளுக்குப் பின்னால் ராணியை நிறுத்திய அதே அமைப்பு. கருப்பு அதை எதிர்பார்த்து யானைகளை விட்டு நகர முடியாது. ராஜா பக்கத்துக்கு அவற்றை அனுப்பவும் முடியாது. 37 முதல் 40 வரை கருப்பு ஆடியதைப் படியுங்கள்: ராஜா எஃப்8, ராஜா ஜி8, ராஜா எஃப்8, ராஜா ஜி8. ஒரு கிராண்ட்மாஸ்டருக்கு ஆட வேறு நகர்வு இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் 40-ஆம் நகர்வுதான் முதல் நேரக் கட்டுப்பாட்டின் எல்லை; அதுவரையிலான நகர்வுகளைக் குறித்த நேரத்துக்குள் ஆடி முடிக்க வேண்டும். அந்த எல்லைக்கு முன் ஆடப்படும் சில நகர்வுகள், கடிகாரத்தைத் தாண்டுவதற்காக மட்டும் ஆடப்படுவது வழக்கம். யானைகள் ஏ3-க்கும் ஏ2-க்கும் ஏறியது ராணியை ஏ1-க்குக் கொண்டுவரும் எண்ணத்தோடா, வெறுமனே காத்திருப்பா, இரண்டும் கலந்ததா என்பதை நகர்வுகளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அமைப்பு அப்படி உருவானது உறுதி. எண்ணத்தைப் பற்றிப் பேசினால் அது ஊகம்.

41-இல் எஃப்7-இல் செக்குடன் வெட்டி, 42-இல் ராணி எச்5, 43-இல் ராணி ஜி6, 44-இல் குதிரை எச்5. உன்ட்சிக்கர் தோல்வியை ஒப்புக்கொண்டு விலகிக்கொண்டார். அந்த இடத்தில் காய்களை எண்ணுங்கள்: இருபுறமும் ராணி, இரண்டு யானைகள், ஒரு பிஷப், இரண்டு குதிரைகள், ஏழு சிப்பாய்கள். முழுச் சமம். ஆட்டம் முழுவதிலும் நடந்த மாற்றம் இரண்டே: 15-இல் ஒரு ஜோடி சிப்பாய், 41-இல் பிஷப்பும் பிஷப்பும். புதிதாகப் படிப்பவர்கள் ஏன் விலகினார் என்று கேட்பார்கள். ராணிகளை ஜி6-இல் மாற்றிக்கொண்டால் வெள்ளைச் சிப்பாய் ஜி6-இல் போய்க் குத்தி நிற்கும், காலியான எஃப்5-இல் மற்றொரு குதிரை வந்து டி6-ஐயும் ஜி7-ஐயும் சேர்த்துத் தாக்கும். மாற்றாமல் இருந்தால் ஜி7-இன் மீதான பிடி இறுகும். இத்தனைக்கும் நடுவில் பி6 என்று பிஷப்பை நகர்த்தி ஏ வரிசையைத் திறக்கும் உரிமை இன்னும் வெள்ளையிடமே இருக்கிறது. பி6-இலிருந்து அது சி7 குதிரையையும் தாக்கும். இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் காக்க ஆள் இல்லை.

இனி, சந்தேகத்துக்குரியவற்றைத் தனியாக வைக்கிறேன். 24-ஆம் நகர்வோடு கருப்பு தோற்றுவிட்டது என்று சில விளக்கங்களில் வரும் தொனியை நான் ஏற்கவில்லை. நிலை மோசம், மிக அலுப்பூட்டும் வகையில் மோசம். தோல்வி என்று சொல்ல நிரூபணம் வேண்டும். வகுப்பில் நாங்கள் கருப்புக்காகத் தேடிய ஒரு வழி, கருப்புக் கட்ட பிஷப்பை ஜி7-இல் புதைக்காமல் இ7, டி8 வழியாக பி6-க்குக் கொண்டுவந்து ஏ7-இல் நிற்பவனோடு மாற்றிக்கொள்வது. அதற்கு ராணி டி8-ஐ விட்டு விலக வேண்டும், சி7-இல் குதிரை நிற்கக் கூடாது, சரியான சமயத்தில் பி6-க்குக் காவலும் வேண்டும். இதற்கெல்லாம் நகர்வுகள் ஆகும். அதற்குள் வெள்ளை எஃப்4-ஐ முன்கூட்டியே தள்ளலாம், அல்லது தானே பி6-க்கு வந்து வரிசையைத் திறக்கலாம். எங்கள் முயற்சிகளில் வெள்ளைக்கே கை ஓங்கியது. நாங்கள் அசட்டையாக விட்ட இடங்களில் வலுவான ஆட்டக்காரர் வழி கண்டால் வியக்கமாட்டேன். எதிர்ப்பு என்று தேடினால் அந்தத் திசையில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு சந்தேகம்: ஏ7 ஆடும்போதே கார்ப்போவ் எஃப்4, எச்5, ஜி6 வரை கண்டிருந்தாரா? அப்படி நம்ப நமக்கு ஆசை. ஒரு நகர்வின் மேல் இருபது நகர்வுக் கணக்கை ஏற்றிவைப்பது விளக்கம் எழுதுபவர்களின் பழக்கம், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் இந்த நகர்வை ஆட அவ்வளவு காணத் தேவையில்லை. எதிராளி என்ன செய்ய விரும்புகிறார், அதை எந்தச் செலவும் இல்லாமல் தடுக்க முடியுமா, தடுத்த பிறகு அவருக்கு வேறு வேலை இருக்கிறதா, எனக்கு இருக்கிறதா. இவ்வளவு போதும். எஃப்4 வருவது அடுத்த கேள்வி. அதைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏ7 வாங்கித் தந்த சலுகை.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் இதுவே தொடக்கம். இத்தகைய நகர்வைத் தேடும்போது நம் காய்களுக்கு நல்ல கட்டம் எது என்று தேடினால் ஏ7 கண்ணில் படாது; திறந்த வரிசையில் பிஷப்பை நிறுத்துவது அந்தத் தேடலில் அபத்தம். எதிராளியின் அடுத்த இரண்டு நகர்வுகளை அவர் சார்பில் ஆடிப் பாருங்கள். ஏ2-இல் வெட்டு, சி8 யானை ஏ8-க்கு. இந்த இரண்டையும் எழுதிவைத்துவிட்டு, இவை நடக்காமல் இருக்க என்ன வேண்டும் என்று கேட்டால், ஏ வரிசையில் ஏதாவது குறுக்கே நிற்க வேண்டும் என்ற பதில் தானாக வரும். பிறகு நிபந்தனைகளைச் சரிபார்க்க வேண்டும், அதில் அவசரம் கூடாது. டி5-இல் சிப்பாய் இல்லாமல் கருப்புக் குதிரை சி6-க்கு வர முடிந்திருந்தால் ஏ7 வெறும் அலங்காரம். ஏ2 யானையால் பிஷப்பைக் காக்க முடியாமல் இருந்திருந்தால் அது நேரடி இழப்பு. என் மாணவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்த வாரத்தில் எல்லாரும் தங்கள் பிஷப்பை ஏழாம் படியில் கொண்டுபோய்க் குத்துவார்கள். பாதிப் பிஷப்புகள் திரும்பி வருவதில்லை.

எதிர்பாராத நகர்வுகள் எல்லாம் ஒரே வகை இல்லை. 1953-இல் ஜூரிக் கேண்டிடேட்ஸ் போட்டியில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியன் 25-ஆம் நகர்வில் யானையை இ6-இல் வைத்து, பிஷப்புக்கு அதை வெட்டக் கொடுத்தார். யானை விலகிய இ7 வழியாக சி6 குதிரையை டி5-க்குக் கொண்டுவந்து வெள்ளையின் முன்னேற்றத்தை நிறுத்தினார், ஆட்டம் டிராவில் முடிந்தது. அங்கே விலை கொடுத்து வாங்கினார். கார்ப்போவின் ஏ7-க்கு விலையே இல்லை, அதனால்தான் அது நம்மைப் போன்றவர்கள் பின்பற்றக் கூடியது.

இதற்கு நெருங்கிய உறவு வேண்டுமென்றால், மேலே சொன்ன ஸ்பாஸ்கியுடனான அரையிறுதியின் ஒன்பதாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 1974, அதுவும் 24-ஆம் நகர்வு. சி3-இல் நன்றாக நின்றுகொண்டிருந்த குதிரையைக் கார்ப்போவ் பி1-க்கு, அதாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் அது நின்ற கட்டத்துக்கே திருப்பி அனுப்புகிறார். காரணம் அந்தக் குதிரை அல்ல, அதன் பின்னால் இருந்த சி2 சிப்பாய். குதிரை விலகியதும் சிப்பாய் சி3-க்கு வந்து பி4-இல் உட்கார்ந்திருந்த ஸ்பாஸ்கியின் குதிரையை விரட்டுகிறது. அது ஏ6-க்குப் போகிறது, பின்னர் பி8-க்கு. வெள்ளையின் குதிரையோ டி2, எஃப்3 என்று மறுபக்கம் வேலைக்கு வந்துவிடுகிறது. 35-ஆம் நகர்வில் ஸ்பாஸ்கி விலகினார். இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து, 23-ஆம் நகர்வில் நிறுத்தி, கருப்பின் பக்கம் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். வெள்ளையின் பக்கம் உட்கார்ந்தால் இரண்டும் வெறும் புத்திசாலித்தனமாகத்தான் தெரியும்.